முடி உதிராத நாயும் நம் இல்லமும்

 

பெருநகரங்களில் மட்டுமே கேட்டுவந்த ஒரு கோரிக்கை இப்போது தியாகதுருகம் போன்ற சிற்றூர்களின் இல்லங்களிலும் எழுகிறது. "அத்தா, மினியேச்சர் பூடில் ஒன்று வாங்கித் தாருங்கள். அதற்கு முடியே உதிராதாம்; முஸல்லாவில் ஒரு முடிகூட விழாதாம்" என்று எங்கள் பிள்ளைகளும் கேட்டனர். கூடாது என்று ஒரே சொல்லில் அதட்டி அடக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே, பிள்ளைகளுடன் அமர்ந்து மார்க்கத்தையும் நடைமுறையையும் சேர்த்தே ஆராய்ந்தோம்.

பூடில், நீர்நிலைகளில் வீழ்ந்த பறவைகளை எடுத்து வருவதற்கென வளர்க்கப்பட்ட வேட்டைநாய் இனம். மினியேச்சர் என்பது அதன் சிறிய வகை. 10 முதல் 15 அங்குல உயரமும் ஏறத்தாழ 5 முதல் 7 கிலோ எடையும் உடையது. மிகுந்த அறிவுக்கூர்மை கொண்டது. அதனாலேயே தனிமையைத் தாங்காது. முடி மிகக் குறைவாகவே உதிரும் என்பது உண்மை. ஆனால் உதிராத முடி வளர்ந்துகொண்டே இருக்கும். அன்றாடம் சீவாவிட்டால் சிக்குண்டு தோலைப் புண்ணாக்கும். 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை கத்தரிக்கவும் வேண்டும். நோயுற்றால் கள்ளக்குறிச்சிக்கோ, தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ தூக்கிச் செல்ல வேண்டும். அது 10 முதல் 18 ஆண்டுகள் வாழக்கூடியது. இன்று கேட்கும் 10 வயதுப் பிள்ளை படிப்பை முடித்து வளைகுடாவுக்குச் சென்ற பின்னரும் நாய் வீட்டில் இருக்கும். அப்போது அதன் பொறுப்பு யார் தலையில் விழும்? ஏற்கெனவே வீட்டுச் சுமை முழுவதையும் சுமக்கும் தாயின் தலையில்தானே!

இனி மார்க்கத்தைப் பார்ப்போம். வேட்டைக்கும், கால்நடைக் காவலுக்கும், விவசாயத்திற்கும் அன்றி நாய் வளர்ப்பவரின் நற்செயல்களிலிருந்து நாள்தோறும் கீராத் அளவு நன்மை குறையும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். கல்வராயன் மலையடிவாரத்தில் ஆட்டுப்பட்டியைக் காக்கும் நாய் இந்த அனுமதிக்குள் அடங்கும். கூடத்து சோபாவில் அழகுக்காக அமரும் பூடில் அடங்குமா? அடங்காது என்பதே எங்கள் கருத்து.

முடி உதிராது என்ற வாதமும் இங்கே உதவாது. ஹனஃபீ மத்ஹபில் அசுத்தம் எனக் கருதப்படுவது நாயின் உமிழ்நீரே, முடி அன்று. ஷாஃபிஈ மத்ஹபிலோ நாய் முழுவதுமே அசுத்தம். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஒருமுறை மண்ணிட்டு, ஏழு முறை கழுவ வேண்டும். மாலிகீ மத்ஹபில் நாய் தூய்மையானதே என்ற கருத்து உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் தூய்மை பற்றிய கேள்வி வேறு. தேவையின்றி வளர்ப்பது பற்றிய கேள்வி வேறு. கொஞ்சும்போதெல்லாம் கையையும் முகத்தையும் நக்கும் பிராணியோடு ஐவேளைத் தொழுகைக்கான தூய்மையைப் பேணுவது எளிதன்று.

பிள்ளைகளிடம் நாங்கள் மற்றொரு செய்தியையும் சொன்னோம். நாய் இருந்த வீட்டினுள் ஜிப்ரீல் (அலை) நுழையாமல் நின்றார்கள். அந்த நாய்க்குட்டி நபியவர்களின் பேரர்களான ஹஸன் (ரலி) அல்லது ஹுஸைன் (ரலி) அவர்களுடையது என அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நபியவர்கள் அதனை வெளியேற்றச் செய்தார்கள். நாய்க்குட்டி மீது ஆசைப்படுவது குழந்தையின் குற்றமன்று; அந்த ஆசைக்கு வழிகாட்டுவது பெரியவர்களின் கடமை.

இதனைச் சொல்லும்போதே மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாயைக் கண்டதும் கல்லெறிவது மார்க்கப்பற்று ஆகாது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துப் புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என்று நமக்குக் கற்பித்தவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். குகைவாசிகளின் நாயைத் திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் நினைவுகூர்கிறது.

எனவே, ஏற்கெனவே நாய் வாங்கிவிட்டவர்கள் அதனை நெடுஞ்சாலையோரம் விட்டுவிட்டு வருவது தீர்வாகாது. வீட்டில் வளர்ந்த பூடில் தெருவில் பிழைக்காது. வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். நல்ல இடம் ஒன்றைத் தேடி ஒப்படைக்கும் வரை உணவும், நீரும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அதற்கு நாம் செலுத்த வேண்டிய அமானிதம்.

எங்கள் இல்லத்தில் பூடில் வாங்கவில்லை. மாறாக, வாசலில் ஒரு மண்தொட்டி வைத்தோம். கோடை முழுவதும் தெருநாய்களுக்காக அதில் நீர் நிரப்புவது, நாய் கேட்ட அதே பிள்ளைகளின் பொறுப்பு. கொஞ்சி விளையாட ஒரு பூனைக்குட்டியும் வந்துவிட்டது. உயிர்களிடம் காட்டும் இரக்கத்தையும் இல்லத்தின் தூய்மையையும் ஒருங்கே பேண அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.