மண்டையில் ஏறியது எது?

"பாடம் மண்டையில் ஏறவில்லை." தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் சொல்வார், பக்கத்து வீட்டார் சொல்வார், கடைசியில் பெற்றவளே சொல்லிவிடுவாள். மண்டையில் வேறு ஏதாவது ஏறியிருக்கிறதா என்று யாராவது கேட்டதுண்டா?

காரீயம் ஏறும். (பேராக்கில் ஈயம் என்றாலே சுரங்கத்து வெள்ளீயம்தான் நினைவுக்கு வரும். இது வேறு, கார் பேட்டரியிலும் பழைய சாயத்திலும் இருப்பது.) தூசியாக மூக்கிலும் வாயிலும் நுழையும். உடல் இதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து உள்ளே விடுகிறது. அதே வேடத்தில் மூளையின் காவலையும் தாண்டி, நரம்புக்கு நரம்பு சேதி போகும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தை உடல் ஏற்கும். இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். எலும்பிலோ பல ஆண்டுகள் கிடக்கும். தாய் கருவுற்றால் அங்கிருந்து கிளம்பி வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஈப்போ அருகே புக்கிட் மேராவை மறந்துவிட்டோமா? சுரங்கக் கழிவான அமாங்கிலிருந்து கிடைத்த மோனசைட்டை 1982 முதல் ஏசியன் ரேர் எர்த் ஆலை பதப்படுத்தியது. கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் டாக்டர் ஜெயபாலன் அங்குள்ள குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது காரீயமும் மிகுந்திருந்தது. 1985இல் எட்டுப் பேர் வழக்குப் போட்டனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அந்தச் சீனக் கம்பத்தார் ஒன்றுகூடிக் கேட்டார்கள். அதனால்தான் பிள்ளைகளின் இரத்தத்தையாவது யாரோ பார்த்தார்கள்.

நாம்? தோட்டம் துண்டாடப்பட்டபின் பட்டறை ஓரமும் தொழிற்பேட்டை ஓரமும் குடியேறினோம். பழைய பேட்டரி உடைக்கும் அப்பா, அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்குகிறார். குளித்து, சட்டை மாற்றி, வேலைத் துணியைத் தனியாகத் துவைப்பது நம் கையில் இருக்கிறது. மற்றது அரசாங்கத்தின் கையில்.

நம் பிள்ளைகள் எல்லாருக்கும் காரீயம் ஏறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பார்த்தார்களா என்றுதான் கேட்கிறேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போடச் சுகாதாரக் குழு பள்ளிக்கு வருகிறதே. அன்றே கொஞ்சம் இரத்தம் எடுத்துக் காரீயம் பார்க்கட்டும். அதுவரை நம் பிள்ளையை மக்கு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை, பெற்ற நமக்கும்தான்.