ஷாப்ட் வாங்குமுன் டேப்பை எடுங்கள்!



ஜீப்பைத் தூக்கிக் கட்டுவது இப்போது ஒரு மோகமாகிவிட்டது. பெரிய டயர் ஏற வேண்டும், பாறையில் அடிவயிறு இடிக்கக் கூடாது, பார்க்கவும் கெத்தாக இருக்க வேண்டும். மூன்று அங்குலம் ஏற்றியாயிற்று. மறுவாரமே வண்டி நடுங்க ஆரம்பிக்கும். "ஷாப்டை மாத்துப்பா, நல்லா கனமா பார்த்துப் போடு" என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள்.

அந்தக் 'கனமா' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

தியரி ஆப் மெஷின்ஸ் பேப்பரில் ஹூக் ஜாயிண்டை மார்க்குக்காக மனப்பாடம் செய்கிறோமே, விஷயமெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. ஒரு குட்டை ஜீப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்பர் கேஸுக்கும் பின் ஆக்சில் பினியனுக்கும் கிடைமட்ட தூரம் 500 மி.மீ., உயர வித்தியாசம் 100 மி.மீ. என்றால் ஷாப்ட் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். 75 மி.மீ. தூக்கினால் அது 19 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தக் கோணத்தில் ஒரு பக்கம் சீராக 3000 ஆர்.பி.எம். சுற்றினாலும், ஜாயிண்டுக்கு அந்தப் பக்கம் வேகம் 2830-க்கும் 3180-க்கும் இடையே, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை ஏறி இறங்கும். இதே தூக்கலை 1200 மி.மீ. தூரமுள்ள நீள வண்டிக்குச் செய்தால் கோணம் 8 டிகிரி சொச்சம்தான். பக்கத்து வீட்டு நீள ஜீப்புக்குச் சரியாக இருந்த ஷாப்ட் நம்ம குட்டை ஜீப்புக்கு ஆகாததற்குக் காரணம் இதுதான். இரும்பின் தடிமனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஜாயிண்ட் சரிக்கட்ட வேண்டுமானால் இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு யோக்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நீளமான ஷேக்கிள் போட்டுத் தூக்கினால் ஆக்சிலே திரும்பி, பினியன் மூக்கும் திரும்பிவிடுகிறது. வேறு சிலர் வேண்டுமென்றே ஆப்பு வைத்துப் பினியன் மூக்கை மேலே தூக்குகிறார்கள். கீழ் ஜாயிண்டுக்குக் கோணம் குறையும், வாஸ்தவம்தான். மேல் ஜாயிண்டுக்கு? அங்கே கோணம் அப்படியே இருப்பதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டாமல் நடுக்கம் கூடும். ஆப்பு வைத்தால் டிரான்ஸ்பர் கேஸ் பக்கம் டபுள் கார்டன் ஜாயிண்ட் போட்டாக வேண்டும். அது இல்லாமல் ஆப்பு வைப்பது வீண் வேலை.

அடுத்தது நீளம். மேலே சொன்ன குட்டை ஜீப்பில், நின்ற நிலையிலேயே ஷாப்ட் 20 மி.மீ. நீள வேண்டியிருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இன்னும் நீளும். அதனால் ஸ்பிரிங், டயர் எல்லாம் போட்டு முடித்து, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது ஒரு அளவு எடுக்க வேண்டும். சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு ஒன்று, ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்போது ஒன்று. தொங்கும்போது ஸ்பிளைன் கழன்றுவரக் கூடாது, அமுங்கும்போது முட்டவும் கூடாது. இந்த மூன்று அளவும் கையில் இல்லாமல் கடைக்குப் போகிறவரை என்ன சொல்வது!

லேத் பட்டறையில் பழைய ஷாப்டையே வெட்டி, துண்டு வைத்து வெல்டு அடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டுமுன் இரண்டு யோக்குக்கும் நேராக ஒரு கோடு கீறிக்கொள்ளணும். வெல்டு முடிந்தபின் பேலன்ஸ் பார்க்கணும். அதற்கு "அதெல்லாம் வேணாம் தம்பி" என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

கனமான ஷாப்டுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. பாறையில் சக்கரம் சிக்கும்போது ஏதாவது ஒன்று உடையத்தான் போகிறது. யூ ஜாயிண்ட் கிராஸ் உடைந்தால் சர்க்ளிப் பிளையரும் சுத்தியலும் இருந்தாலே வழியில் மாற்றிவிடலாம். ஷாப்டையும் ஜாயிண்டையும் அசைக்க முடியாதபடி பலப்படுத்திவிட்டு, அந்த அடியைப் பினியன் பல்லுக்கு அனுப்பினால் செலவு யாருக்கு?

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வேறு. வில்லிஸ் எம்.பி.யிலும் அதன் வழிவந்த பழைய ஜீப்புகளிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கத்தில் இருக்கிறது. பின் ஷாப்ட் கழன்றால் ஹேண்ட் பிரேக் வெறும் கம்பிதான். டூ வீல் டிரைவில் இருந்தால் என்ஜின் பிரேக்கிங்கும் அதோடு போச்சு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கல் பாதை போன்ற ஓர் இறக்கத்தில், பின்னால் ஆறு பேரை உட்கார வைத்துக்கொண்டு, 20 மி.மீ. அளவெடுக்கச் சோம்பல்பட்ட ஷாப்டை நம்பி இறங்க முடியுமா?

பதிவுச் சான்றில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை போடுகிறது என்பதையும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியதையும் தூக்க நினைப்பவர்கள் முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால், 80 அங்குல வீல்பேஸ் உள்ள ஒரு பழைய சிஜே 3பி-க்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஆசைப்பட மாட்டேன். கம்பெனி தடிமனிலேயே குழாய், அளந்த நீளம், புது கிராஸ் இரண்டு, பேலன்ஸ். மிச்சமாகும் பணத்தில் வண்டி இழுக்க நல்ல கயிறு ஒன்று வாங்கிப் போடுவேன்.