உணவும் சிகிச்சையின் பகுதியே!

மத்திய அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் புற்றுநோயாளிகளுக்கு ஆறுதல் அளிக்கும் ஓர் அறிவிப்பு இடம்பெற்றது. மூன்று ஆண்டுகளுக்குள் நாட்டின் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும், முதல் ஆண்டில் 200 மையங்கள் தொடங்கப்படும் என்பதே அது. 36 உயிர்காக்கும் மருந்துகளுக்கு அடிப்படைச் சுங்க வரியிலிருந்து முழு விலக்கும் அளிக்கப்பட்டது.

இரண்டுமே வரவேற்கத்தக்கவை. பெருநகரங்களுக்கு அலைந்து திரிந்த ஏழை நோயாளிக்குச் சிகிச்சை அருகில் வருகிறது. மருந்தின் விலையும் ஓரளவு குறைகிறது. ஆனால், காலையில் வந்து சிகிச்சை பெற்று மாலையில் வீடு திரும்பும் அந்த நோயாளி என்ன உண்பார், எவ்வாறு உண்பார், அதற்கான செலவை யார் ஏற்பார் என்ற கேள்வி நம் திட்டங்கள் எதிலும் போதிய இடம் பெறவில்லை. எல்லாப் புற்றுநோய்களுக்கும் இது முக்கியமான கேள்விதான். வாய்ப் புற்றுநோயைப் பொருத்தவரை சிகிச்சையின் வெற்றி, தோல்வியையே தீர்மானிக்கக்கூடிய கேள்வி.

உலகப் புற்றுநோய்த் தரவுகளைத் தரும் 'குளோபோகான்' தரவுத்தளத்தின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் அந்த ஆண்டில் உதடு, வாய்ப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள் சுமார் 3.9 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 1.43 லட்சம் பேர் இந்தியர்கள். அதாவது, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். இந்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. மெல்லும் புகையிலை, பாக்கு, பீடி, சிகரெட், மது ஆகியவை முதன்மைக் காரணங்கள் என்பதால், உடலுழைப்பால் அன்றாடம் பிழைப்பவர்களே இந்நோய்க்குப் பெருமளவில் இரையாகின்றனர். நோய் வருவதற்கு முன்பே ஊட்டக்குறைவோடு இருந்த உடல்கள் இவை.

இந்நோய் உடலுக்குள் உணவு நுழையும் வாயிலையே தாக்குகிறது. அறுவைச்சிகிச்சையில் நாக்கின் ஒரு பகுதியோ, கன்னத்தின் உட்புறமோ, தாடை எலும்போ அகற்றப்படுகிறது. காயம் ஆறும்வரை மூக்கு வழியாக வயிற்றுக்குள் செலுத்தப்பட்ட குழாய் மூலமே உணவு. அதன்பின் பலருக்கு ஆறு, ஏழு வாரங்களுக்கு, வாரம் ஐந்து நாள்கள் கதிர்வீச்சுச் சிகிச்சை. சிலருக்கு அதனுடன் கீமோதெரபியும் சேரும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாயின் உட்தோல் வெந்து புண்ணாகிறது. உமிழ்நீர் வற்றுகிறது. சுவை மாறுகிறது அல்லது மறைகிறது. தாடை இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்க இயலாமல் போவதும் உண்டு. தண்ணீரை விழுங்குவதே தண்டனையாகிவிடும். சிகிச்சை முடிந்த பிறகும் பல வாரங்கள் இந்தப் புண் நீடிக்கும். உமிழ்நீர்க் குறைவு சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும்.

இக்காலத்தில் ஏற்படும் எடைக் குறைவு தோற்றம் சம்பந்தப்பட்டதன்று. உடல் மெலிந்தால் அறுவைக் காயம் ஆறத் தாமதமாகிறது. தொற்று எளிதில் பற்றுகிறது. கதிர்வீச்சின்போது தலை அசையாமல் இருக்க, நோயாளியின் முக அளவுக்கென ஒரு முகக்கவசம் வார்க்கப்படும். முகம் வற்றிச் சுருங்கினால் அந்தக் கவசம் தளர்ந்துவிடும். கதிர்கள் குறிபார்த்த இடத்தில் பாய்வதற்கு மீண்டும் அளவெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோர்வு தாங்காமல் நோயாளி சிகிச்சையை இடைநிறுத்துகிறார். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் கதிர்வீச்சுக் காலம் ஒரு நாள் நீண்டாலும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. சாப்பிட முடியாததால் ஒரு வாரம் விடுபடுவது எத்தகைய இழப்பு என்பதை இதிலிருந்து உணரலாம்.

எவ்வளவு உணவு தேவை? புற்றுநோயாளி ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகலோரி ஆற்றலும், 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 1,500 முதல் 1,800 கிலோகலோரி. குறைந்தது 60 கிராம் புரதம்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சிக் கொடுக்கிறோம். நூறு கிராம் அரிசியில் நான்கு டம்ளர் கஞ்சி வைத்து நாள் முழுவதும் அவர் குடித்தாலும் கிடைப்பது சுமார் 350 கிலோகலோரி. ஏழெட்டு கிராம் புரதம். தேவையான ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. புரதத்தில் எட்டில் ஒரு பங்குதான். வயிறு நிறைகிறது, உடல் பட்டினி கிடக்கிறது. இளநீர் இதைவிடக் குறைவான ஆற்றலையே தருகிறது. எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறு புண்ணில் பட்டு எரியவும் செய்யும்.

இதற்கு மாற்று விலையுயர்ந்த டப்பா மாவுகள் மட்டுமல்ல. கால் லிட்டர் பாலில் 30 கிராம் சத்துமாவைக் கரைத்துக் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி நெய்யும் சிறிது வெல்லமும் சேர்த்தால், அந்த ஒரு டம்ளரே நான்கு டம்ளர் கஞ்சிக்கு ஈடான ஆற்றலைத் தந்துவிடும். புரதம் அதைவிட அதிகம். குழைய வேகவைத்து மசித்த பருப்புச் சாதம், பாலில் அடித்த முட்டைக் கலவையை ஆவியில் வேகவைத்தது, காரமும் புளியும் இல்லாத தயிர்ச் சாதம், கேழ்வரகுக் கூழ் ஆகிய அனைத்தும் நம் சமையலறையில் உள்ளவைதான். அளவைக் குறைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருப்போருக்கும், குழாய் வழியே உண்போருக்கும் இந்த அளவுகள் மாறும் என்பதால் மருத்துவரின் அறிவுரை கட்டாயம்.

அந்த அறிவுரையைத் தருவோர்தான் நம்மிடம் குறைவு. எங்கள் தெருவில் துணி தேய்த்துக் கொடுக்கும் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் கண்டபோது, சில நாள்கள் அவருடன் நானும் மருத்துவமனைக்குச் சென்றுவந்தேன். அறுவைச்சிகிச்சையும் கதிர்வீச்சும் காப்பீட்டு அட்டையில் ஒரு ரூபாய்ச் செலவின்றி நடந்தன. அதற்காக இந்நாட்டின் குடிமகனாகப் பெருமைப்பட்டேன். ஆனால், உணவு குறித்து அவர் மனைவிக்குக் கிடைத்த அறிவுரை "சத்தான ஆகாரமா கொடுங்கம்மா" என்ற ஒரே வாக்கியம். எது சத்தானது, எவ்வளவு, எத்தனை முறை என்று விளக்க அங்கு எவருக்கும் நேரமில்லை. உறவினர்களோ முட்டை சூடு, தயிர் குளிர்ச்சி, பருப்பு வாயு என்று ஆளுக்கொரு பத்தியம் விதித்தனர். சர்க்கரை சாப்பிட்டால் புற்று வளரும் என்று கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி வெல்லத்தையும் நிறுத்தினர். "பசிக்குது சார், வாய்தான் விடமாட்டேங்குது" என்றார் அவர். 60 கிலோ இருந்தவர் ஆறாவது வாரத்தில் 52 கிலோவுக்கு வந்தார். இடையில் ஐந்து நாள்கள் படுக்கையைவிட்டு எழ முடியாமல் சிகிச்சை தடைப்பட்டது.

அந்தக் குடும்பத்தின் வரவு செலவைப் பொருளாதார மாணவனாக நான் கூட்டிப் பார்த்தேன். அவருடைய வருமானம் முழுமையாக நின்றிருந்தது. நான்கு வீடுகளில் வேலை செய்துவந்த அவருடைய மனைவி, கணவருக்குத் துணையாக மருத்துவமனைக்குச் செல்வதற்காக அந்த வேலைகளையும் விட்டிருந்தார். பேருந்துக் கட்டணம் புதிய செலவு. பாலும் முட்டையும் நெய்யும் கூடுதல் செலவு. வருமானம் குறையும்போது குடும்பம் முதலில் வெட்டுவது உணவுச் செலவைத்தான். நோயாளிக்கு உணவு மிகுதியாகத் தேவைப்படும் அதே மாதங்களில்தான் வீட்டில் அதை வாங்கும் சக்தி மிகக் குறைவாக இருக்கிறது.

பொருளாதாரத்தில் 'நிரப்புப் பண்டங்கள்' என்று ஒரு கருத்து உண்டு. பேனாவும் மையும்போல, ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாதவை அவை. வாய்ப் புற்றுநோய் சிகிச்சையும் ஊட்டச்சத்தும் இத்தகையவை. ஒன்றுக்கு அரசு முழுச் செலவையும் ஏற்று, மற்றொன்றைக் குடும்பத்தின் தலையில் விட்டால், செலவிட்ட பணத்தின் பயனில் ஒரு பகுதி வீணாகவே செய்யும்.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் 2018 முதல் தமிழகத்தில் இணைந்து செயல்படுகின்றன. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு கிடைக்கிறது. ஆயுஷ்மான் திட்டத்தில், உள்நோயாளியாக இருக்கும்போது வழங்கப்படும் உணவும் வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான தொடர் கவனிப்பும் அடங்கும். உணவு சிகிச்சையின் அங்கம் என்பதை அரசு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். ஆனால், மருத்துவமனை வாயிலோடு அந்த ஏற்பு முடிந்துவிடுகிறது. கதிர்வீச்சு பெறுவோரில் பலர் புறநோயாளிகள். பகல்நேர மையங்கள் பெருகப் பெருக, இந்த இடைவெளியும் பெருகும்.

இதை நிரப்ப முன்மாதிரிகள் நம்மிடமே இருக்கின்றன. காசநோயாளிகளுக்கு 'நிக்ஷய் போஷண்' திட்டத்தில் 2018 முதல் மாதம் ரூ.500 வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்பட்டது. 2024 நவம்பரில் அது ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள்கள் வழங்கி நடத்திய ஆய்வில், அக்குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் ஏற்படுவது சுமார் 40 சதவீதம் குறைந்தது 2023-இல் வெளியானது. தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், கடும் ஊட்டக்குறைவு உள்ளோரை நோய் கண்டறிந்த உடனேயே எடை பார்த்து இனங்கண்டு தனிக் கவனிப்புக்கு அனுப்புகிறது. எடை பார்க்கும் கருவியும் ஒரு படிவமும் போதும் என்பதை அத்திட்டம் காட்டியிருக்கிறது.

புற்றுநோயிலும் சான்று இல்லாமல் இல்லை. போர்ச்சுகலில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 75 நோயாளிகளிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், வழக்கமான உணவையே எப்படி உண்பது என்று தனித்தனியே ஆலோசனை பெற்றவர்கள், ஊட்டச்சத்துப் பானம் மட்டும் பெற்றவர்களைவிட மூன்று மாதங்களுக்குப் பின்னும் நன்றாக உண்டனர். டப்பாவைவிட ஆலோசனைக்கே பலன் அதிகம் என்பது நம்மைப் போன்ற நாட்டுக்கு நல்ல செய்தி.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவதாக, சிகிச்சைத் தொகுப்பிலேயே உணவியல் வல்லுநரின் ஆலோசனை, வாராந்திர எடைப் பதிவு, தாடை மற்றும் விழுங்கல் பயிற்சி ஆகியவற்றைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவதாக, காசநோயாளிக்குத் தரும் அதே மாதம் ரூ.1,000-ஐ வாய்ப் புற்றுநோயாளிக்கு ஆறு மாதங்களுக்கு வழங்க வேண்டும். நாடு முழுவதும் ஆண்டுக்கு 1.43 லட்சம் பேருக்கும் அளித்தாலும் செலவு சுமார் ரூ.86 கோடி, ஒருவருக்கு ரூ.6,000. அதாவது ரூ.5 லட்சம் காப்பீட்டு வரம்பில் 1.2 சதவீதம். மூன்றாவதாக, பகல்நேர மையங்கள் ஒவ்வொன்றிலும் மசித்த, காரமற்ற உணவு கிடைக்க வேண்டும். மருத்துவமனை வளாகங்களில் உள்ள அம்மா உணவகங்களையே இதற்குப் பயன்படுத்தலாம். நான்காவதாக, 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீடு தேடிச் சென்று எடை பார்க்கவும், குழாய் வழி உணவூட்டலைக் கண்காணிக்கவும் பயிற்சி பெற வேண்டும்.

பணமாகக் கொடுத்தால் வேறு செலவுக்குப் போய்விடாதா என்ற ஐயம் எழலாம். அப்படியெனில், பொருளாகக் கொடுக்கவும் நமக்குத் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு நிதியோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறோம். அவருடைய முயற்சியால்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உருவானது. கர்ப்பிணிக்கு எட்டிய அந்தப் பெட்டகம் புற்றுநோயாளிக்கும் எட்டுவது அவர் பெயருக்குச் செய்யும் பொருத்தமான மரியாதையாகவே இருக்கும்.

புகையிலையை ஒழிப்பதுதான் நிரந்தரத் தீர்வு என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழகம் 2013-இலேயே தடை விதித்தும் அவை இன்னும் கிடைக்கின்றன என்பது வேறு விவாதம். ஆனால், ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டவரிடம் "நீயாகத் தேடிக்கொண்டது" என்று கூறி அரசும் சமூகமும் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

கதிர்வீச்சு இயந்திரத்துக்குக் கோடிகளில் செலவிடும் அரசுக்கு, அதன் கீழே படுத்திருப்பவரின் ஒரு டம்ளர் பால் பெரிய சுமையன்று. மருத்துவர் எழுதித் தரும் தாளில் மருந்தின் பெயருக்குக் கீழே அன்றைய உணவின் அளவும் இடம்பெற வேண்டும். அதை வாங்குவதற்கான வழியும் அதே தாளோடு நோயாளியின் கைக்குக் கிடைக்க வேண்டும். புதிய மையங்கள் திறக்கப்படும் இந்த நேரமே அதற்கு உகந்த நேரம்.