சூடு வைத்த மீட்டர்

ஆட்டோ மீட்டரில் சூடு வைத்திருந்தால் நடுத்தெருவில் சண்டை போடுவீர்கள்தானே? திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவருக்கு அப்படியொரு மீட்டர் வருஷம் பூரா ஓடுகிறது. சண்டை போட எதிரே ஆள்தான் இல்லை.

கப்பல் தொழிலில் ஒரு பழைய நியாயம் உண்டு. முழுக் கப்பலை வாடகைக்குப் பேசினால், சரக்கு ஏற்ற இறக்க இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். லேடைம் என்று பேர். கப்பல் வந்து 'நான் ரெடி' என்று நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் கணக்கே ஆரம்பம். 'வெதர் வொர்க்கிங் டே' என்று எழுதியிருந்தால் மழையில் வேலை நின்ற நேரம் கழிந்துவிடும். நாள் தாண்டினால் டெமரேஜ். சரி, சீக்கிரம் முடித்தால்? ஒப்பந்தத்தில் இருந்தால் கப்பல்காரர் நமக்குப் பணம் தரவேண்டும்! டெஸ்பாட்ச் மணி, வழக்கமாக டெமரேஜில் பாதி.

இதெல்லாம் நிலக்கரி, உரம் கொண்டுவரும் பெரிய கம்பெனிகளுக்கு. திருப்பூர்க்காரருக்குத் தேவை ஒரு கன்டெய்னர், சீசனில் நாலைந்து. காலிப் பெட்டியை எடுத்ததுமே மீட்டர் ஓடும். சில நாள் ஃப்ரீ, அப்புறம் டிடென்ஷன். ஞாயிறு, பொங்கல், பந்த் எல்லாம் பெரும்பாலும் கணக்கில் சேர்த்தி. ரெண்டு நாள் முன்னாடியே முடித்தால் ஒத்தை ரூபாய் வராது. கப்பல் லேட்டா? ''அது உத்தேசத் தேதிதானுங்க'' என்பார்கள். அந்தப் பக்கம் பையர், ''டிஸ்கவுன்ட் கொடு, இல்லாட்டி ஃப்ளைட்டில் அனுப்பு'' என்பார்.

பணம் எங்கிருந்து வரும்? ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் பில்லை நிறுத்திவைப்பார். பவர் டேபிள்காரர் சனிக்கிழமை சம்பளத்தைத் தள்ளிப்போடுவார். கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்வது செக்கிங் செய்கிற பெண்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடியே மிதந்தது. லேடைம் கணக்கில் அது கழிகிற நாள். கன்டெய்னர் கணக்கில் கெஞ்சிக் கழிக்க வேண்டிய நாள்.

2020 ஊரடங்கில், மார்ச் 22 முதல் ஏப்ரல் 14 வரை டிடென்ஷன் வாங்காதீர்கள் என்று கப்பல் துறைத் தலைமை இயக்ககம் சொன்னது. ஆனால், சொன்னது அறிவுரையாக! அறிவுரையை நம் வீட்டுப் பிள்ளைகளே கேட்பதில்லை.

அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டார்கள். 2024 மே முதல், 30 நாளுக்குள் முறையான பில் தராவிட்டால் கட்டத் தேவையில்லை. நாமும் 2025-ல், 1925-ம் வருஷத்துக் கடல்வழிச் சரக்குச் சட்டத்தை மாற்றினோம். பழைய சட்டைக்குப் புது பட்டன். மீட்டரை அது தொடவில்லை.

கப்பல்காரர் தாமதத்தை கப்பல்காரர் கணக்கில் எழுது, வெள்ளத்தைக் கழி என்று சட்டத்தில் ரெண்டு வரி சேர்க்க என்ன கஷ்டம்? அதுவரை நீங்கள் ஏற்றுமதியாளராக இருந்தால், அடுத்த டிடென்ஷன் பில் வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: சொன்ன தேதி எது, கப்பல் வந்த தேதி எது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.