என்ஜினீயர் படிப்புக்கு முதல் வாசல் எது?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்துவிட்டால், தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "பையனை என்ன படிக்க வைக்கலாம்? பெண்ணை எதில் சேர்க்கலாம்?" என்று பெற்றோர் கூடிப் பேசுகிறார்கள். "என்ஜினீயருக்குப் படிக்கட்டும்" என்பதே பல வீடுகளில் கிடைக்கும் பதில்.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அதற்கான வழி எங்கே தொடங்குகிறது? பிளஸ்-2 முடித்து, கல்லூரிக்கு மனுப் போடும் நாளில் தொடங்குவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பதினொன்றாம் வகுப்பில் சேரும் அன்றே, பாதி முடிவாகிவிடுகிறது.

அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் இந்தப் படிப்பு ஏழைக்கு எட்டாக் கனி. சென்னை கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியின் வரலாறு, 1794-ல் ஏற்பட்ட நில அளவைப் பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. ஆனால் நாடு விடுதலை பெற்ற 1947-லும் தமிழ்நாட்டில் இத்தகைய கல்லூரிகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. பிறகு காரைக்குடியில் 1952-லும், மதுரையில் 1957-லும் கல்லூரிகள் தோன்றின.

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்கு வழி திறக்கப்பட்டது. அதன் பின் ஊருக்கு ஊர் கல்லூரிகள் முளைத்தன. இன்று அவை 400-க்கும் மேல்!

"இடம் கிடைக்குமா?" என்பது அன்றைய கவலை. இன்று பல கல்லூரிகளில் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. "சேர்ந்த பிள்ளை கரை ஏறுமா?" என்பதே இப்போதைய கவலை.

எந்தப் பிரிவு?

என்ஜினீயர் ஆக விரும்பும் மாணவர், பதினொன்றாம் வகுப்பில் கணிதம், பௌதிகம், ரசாயனம் மூன்றும் உள்ள பிரிவில் சேர வேண்டும். நான்காவது பாடம் உயிரியலாக இருக்கலாம். கம்ப்யூட்டர் விஞ்ஞானமாகவும் இருக்கலாம். தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கும் சிறு அளவில் தனி இடம் உண்டு. ஆனால் "சிநேகிதன் சேர்ந்தான், நானும் சேர்ந்தேன்" என்று வணிகப் பிரிவில் சேர்ந்துவிட்டு, பின்னால் என்ஜினீயர் கனவு கண்டால் பயனில்லை.

மார்க்குக் கணக்கு

தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் நடந்த நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. பிளஸ்-2 மார்க்கை வைத்தே வரிசை போடுகிறார்கள். இதற்கு "கட்-ஆப்" என்று பெயர். மொத்தம் 200. கணிதத்தில் வாங்கிய மார்க்கு அப்படியே சேரும். பௌதிகத்திலும் ரசாயனத்திலும் வாங்கியதில் பாதிதான் சேரும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு மாணவர் கணிதத்தில் 80, பௌதிகத்தில் 95, ரசாயனத்தில் 95 வாங்குகிறார். மொத்தம் 270, கட்-ஆப் 175. இன்னொருவர் கணிதத்தில் 95, மற்ற இரண்டிலும் 85 வீதம் வாங்குகிறார். மொத்தம் 265, ஆனால் கட்-ஆப் 180! மொத்தத்தில் பின்தங்கியவர் வரிசையில் முன்னே போய்விடுகிறார். கணிதத்தின் மகிமை அது.

பதினொன்றைப் பறிகொடுக்காதீர்!

இங்கேதான் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. வரிசைக்கு எடுத்துக்கொள்வது பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை மட்டும். ஆகவே பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அவசரமாக முடித்துவிட்டு, அடுத்த வகுப்புப் புத்தகத்தை எடுத்துவிடும் பழக்கம் சில பள்ளிகளில் உண்டு. இதைத் தடுக்க 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசுப் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. மாணவர்களின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று 2025-ல் அது கைவிடப்பட்டது.

சுமை குறைந்தது சரி. ஆனால் என்ஜினீயரிங் முதல் ஆண்டுக் கணிதத்துக்கு அஸ்திவாரம் எது? வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், திசையன், அணி ஆகியவை. இவற்றின் தொடக்கப் பாடங்கள் எல்லாம் பதினொன்றாம் வகுப்பில்தான் இருக்கின்றன! அதைத் தாண்டிக் குதித்தவர், கல்லூரியில் முதல் பருவத் தேர்விலேயே தடுக்கி விழுகிறார். ஒரு பாடம் "அரியர்" ஆகிறது. அது மறுபருவத்தில் இரண்டாகிறது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய குடும்பத்துக்கு, நான்கு ஆண்டு முடிந்தும் பட்டம் கைக்கு வருவதில்லை.

பொதுத் தேர்வு இல்லாத வகுப்பில் மேற்பார்வை வீட்டாருடையது. பாடம் நடக்கிறதா என்று பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரிப்பதற்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையின் கணித நோட்டைப் புரட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

விருப்பப் பட்டியல்

கவுன்சலிங் 2018 முதல் ஆன்-லைன் மூலம் நடக்கிறது. மாணவர் தமக்கு வேண்டிய கல்லூரிகளையும் பாடப் பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதிய வேண்டும். பட்டியலை மேலிருந்து பார்த்து, கிடைக்கக்கூடிய முதல் இடத்தை ஒதுக்குகிறார்கள். ஆகவே மிகவும் விரும்புவதை முதலில் எழுத வேண்டும். நாலைந்து பெயரோடு நிறுத்தினால் அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

பட்டியல் போடும் முன் அக்கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தைப் பார்ப்பது நல்லது. கட்டடத்தின் அழகு பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தராது.

பணத்துக்கு என்ன வழி?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு, 2021 சட்டப்படி என்ஜினீயரிங் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. குடும்பத்தில் முதன் முதலாகப் பட்டம் படிக்க வருவோருக்கு 2010 முதல் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

"இடம் வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடலாம். நன்கொடை வசூலிப்பதை 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் தடை செய்திருக்கிறது.

வேறு வழிகள்

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமா முடித்தால், பி.ஈ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். கையால் வேலை செய்து கற்க விரும்பும் பிள்ளைக்கு இது நல்ல பாதை. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய குடும்பத்துக்கும் ஏற்றது.

1959-ல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி. போன்றவற்றில் பி.டெக். சேர அகில இந்தியத் தேர்வு எழுத வேண்டும். அதன் முதல் கட்டத்தை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். இரண்டாம் கட்டம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது.

வாசல்கள் பல இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் சாவி கணிதம். பதினைந்து வயதில் அதைக் கையில் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, பதினெட்டு வயதில் யாருடைய சிபாரிசும் தேவைப்படாது.