சாவி வைத்திருப்பவர் போலீஸ் அல்ல



வேலூர் சிறை வழக்குச் செய்தியை நான் பகிர்ந்ததும், "திருடுனவனுக்கு எதுக்குங்க டீச்சர் இத்தனை சட்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வேலூர் மத்திய சிறையில் இருந்த ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை உயர் அதிகாரியின் வீட்டு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த வீட்டில் நாலரை லட்சம் ரூபாயைத் திருடிவிட்டார் என்று சொல்லி, 95 நாள் தனியறையில் அடைத்து அடித்தார்கள் என்பது புகார். அவருடைய தாயார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 செப்டம்பரில் சிபிசிஐடி 14 பேர் மீது வழக்குப் பதிந்தது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். என் கேள்வி வேறு. பணம் நிஜமாகவே திருடு போயிருந்தாலும், அதை விசாரிக்கச் சிறை ஊழியர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

யாரும் கொடுக்கவில்லை. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தடை செய்த பொருளைச் சிறைக்குள் கடத்துபவரைக் கண்ணெதிரே பார்த்தால்கூட, அவர் பெயர், ஊர் சொல்ல மறுத்தாலோ பொய் சொன்னாலோதான் சிறை அதிகாரி கைது செய்யலாம். செய்தாலும் வீண் தாமதம் இல்லாமல் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நாட்டை அடக்கி ஆண்ட வெள்ளைக்காரனே சிறை அதிகாரிக்கு அவ்வளவுதான் கொடுத்தான்.

இது போக, நம் எல்லோருக்கும் உள்ள அதிகாரம் ஒன்று அவருக்கும் உண்டு. ஜாமீனில் விடத்தகாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றத்தை ஒருவன் நம் கண் முன்னால் செய்தால் நாமே பிடிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, அப்படிப் பிடித்தவனை 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. 95 நாள் எங்கே, 6 மணி நேரம் எங்கே!

"அப்படியானால் சிறைக்குள் ஒழுங்கு வேண்டாமா?" வேண்டும். சிறை விதியை மீறுகிற கைதியைத் தண்டிக்கக் கண்காணிப்பாளருக்குச் சட்டம் தனியாக அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் திருட்டு வேறு கணக்கு. அது போலீஸ் ஸ்டேஷனுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் போக வேண்டியது. தனிமைச் சிறை என்பதும் நீதிமன்றம் விதிக்க வேண்டிய தண்டனை. அதையும் ஒரே தொடராக 14 நாளுக்கு மேல் நீட்டக் கூடாது என்று 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டமே வரம்பு கட்டியது.

"போலீஸ் மட்டும் யோக்கியமா? 2025 ஜூனில் மடப்புரத்தில் என்ன நடந்தது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அங்கேயும் நகைத் திருட்டுப் புகார்தான். வழக்கே பதியாமல் கூட்டிப் போய் அடித்து ஒரு கோயில் காவலாளியின் உயிரைப் போக்கிவிட்டார்கள். நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எழுத்தில் பதியாத கைதுதான் ஆளைக் கொல்கிறது. எஃப்.ஐ.ஆர்., 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் என்பதெல்லாம் வெறும் சடங்கு இல்லை. பிடித்தவன் கையிலிருந்து ஆளை இன்னொருவர் பார்வைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு.

வெளியில் இருப்பவனைப் பிடித்தால் பெண்டாட்டி பிள்ளை தேடி வரும், அக்கம்பக்கம் கேட்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவனைத் தேடி யார் வருவார்கள்? திகாரில் வார்டர் ஒருவர் பணம் கேட்டு ஒரு கைதியைச் சித்திரவதை செய்ததை, சக கைதி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தால்தான் உச்ச நீதிமன்றம் அறிந்தது. கடிதத்தையே மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. வேலூரில் ஒரு தாய் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. தாய் இல்லாதவனுக்கு?

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. 2024 நவம்பரில் நம் அவிநாசிபாளையம் ஸ்டேஷன் எல்லையில், சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூவரைக் கொன்றபோது நாம் எல்லோரும்தான் பதறினோம். அதற்காக, கையில் அகப்பட்டவனையெல்லாம் அடிப்பது நீதி ஆகிவிடாது.

கம்பெனி நடத்தும் மாணவர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். செல்போன் காணோம் என்று வடக்கிலிருந்து வந்த பையனைக் குடோனில் பூட்டி வைத்து விசாரித்தால், திருட்டு நிரூபணம் ஆகிறதோ இல்லையோ, அடைத்து வைத்த குற்றம் உங்கள் மேல் நிற்கும். சந்தேகம் இருந்தால் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுங்கள்.

சீருடைப் பணியாளர் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் நிலைக் காவலருக்கும் சிறைக் காவலருக்கும் தீயணைப்பாளருக்கும் ஒரே தேர்வுதான். காக்கியும் காக்கிதான். ஆனால் அதிகாரம் ஒன்றல்ல. சிறைப் பணி கிடைத்தால், நீங்கள் சேரும் துறையின் பெயரிலேயே 'சீர்திருத்தப் பணிகள்' என்று இருக்கும். மேலதிகாரி வாய்மொழியாக "உள்ளே தள்ளி நாலு போடு" என்றால், எழுத்தில் உத்தரவு கேளுங்கள். தர மாட்டார். அப்போதே தெரிந்துகொள்ளுங்கள், அது சட்டம் இல்லை என்று. சிக்கல் வந்தால் வழக்கில் உங்கள் பெயரும் சேர்ந்துதான் இருக்கும்.

சிறைத்துறையில் இருக்கும் என் மாணவர்களுக்கு மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். பிரிவு எண்ணோடு எழுதுங்கள்.