வெள்ளத்தில் நின்ற காரா? பார்ட் மாற்றும் முன் எர்த்தைப் பாருங்க!

2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழையை காயல்பட்டினம் மறக்காது. 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. அப்படி வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவித் துடைத்து விற்றால், பார்வைக்குத் தெரியாது. வயரிங்தான் காட்டிக்கொடுக்கும்.

கனெக்டருக்குள் தங்கிய ஈரம் மெல்ல மெல்ல பச்சை பூத்து, எர்த் இணைப்பையும் அரிக்கும். இன்ஜின் திடீர்னு நிற்கும், லைட் மங்கும். மறுநாள் நல்லா ஓடும். உடனே சென்சார், பேட்டரி என மாற்றினால் பணம்தான் கரையும். முதலில் எர்த் முனைகளைச் சுத்தம் செய்யுங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்கணும்.

வாங்கும் முன் சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க. சேற்றுக் கறை இருந்தா உஷார். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரமும் கேளுங்க. வெள்ளம் பார்த்த வண்டியை விற்கலாம். மறைத்து விற்கக் கூடாது. விற்பவர் எழுதித் தரத் தயங்கினால், வேற வண்டி பாருங்க.